தொண்டைக்குழியில் மாதுளம்பூ

துனிசியாவின் தலைநகரான துனிஸில், ஓவியப் பள்ளியின் தரையில், தன் உடம்பளவுக்கே வரைந்த தன் படத்தின் ஓரத்தில் ஸல்ஹா மண்டியிட்டிருக்கிறாள். தோல் உரித்த மார்பில் விலா எலும்புகள் தெரிகின்றன. அவற்றின் இடுக்குகளில் மாதுளம்பூக்களைத் தீட்டுகிறாள். படத்து முகமும் விரிந்த கைகளும் அவள் நிறமேதான், நல்ல கறுப்பு. சன்னல் வெயிலில் ஈர வண்ணம் மினுங்குகிறது. கண்காட்சிக்குப் படம் பொறுக்க வந்த ஃபாயிஸா அம்மாள் வளையல் குலுங்கக் குனிகிறாள்.

“அழகா இருக்கும்மா. எந்த ஊரு நீ?”

“இங்கதான், தெக்கே காபெஸ், மேடம்.”

“சரி, அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் காபெஸ்தான்.”

பின்னால் மாணவர்களில் யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். ஃபாயிஸா விடுவதாயில்லை. “உங்க ஆளுங்க ஆப்பிரிக்காலேர்ந்து வந்தவங்கதானே? மாதுளம்பூ எங்க தோட்டத்துப் பூம்மா. காட்டுப்பூ ஏதாவது போடேன், பாக்குறவங்களுக்குப் புரியும்.”

ஸல்ஹாவுக்குக் காது சுடுகிறது. இன்னொரு இதழைத் தீட்டிக்கொண்டே பதில் சொல்கிறாள்.

“நாம நிக்கிறதும் ஆப்பிரிக்காதான், மேடம். உங்க தோட்டம்னு சொல்றீங்களே, காபெஸ்ல அதுக்குத் தண்ணி பாய்ச்சுறது எங்கப்பா. அவருக்கு முன்னாடி அவங்கப்பா.”

ஃபாயிஸா இன்னும் நெருங்கி, படத்துக் கையின்மேலேயே கால் வைக்கிறாள். “கோவிச்சுக்காதே. பூவ மட்டும் மாத்திடு, நடுச்சுவர்ல உன் படத்தத்தான் மாட்டுவேன்.”

மற்ற மாணவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எல்லோரும் அந்தச் சுவருக்காகத்தான் மாதக்கணக்காக வரைகிறார்கள். ஸல்ஹா தூரிகையைச் சிவப்பில் முக்குகிறாள். வெறுமையாக விட்டிருந்த தொண்டைக்குழியில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இன்னொரு மாதுளம்பூவை ஆரம்பிக்கிறாள். நிமிராமலே சொல்கிறாள்:

“காலை எடுங்க மேடம். என் கைய மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”