அறுபத்திரண்டாவது பெயரில் வில்லங்கம்

“செத்துப் பதினோரு வருசம் ஆனவரு எந்திரிச்சு வந்தா தலையில கை வச்சாரு? சொல்லு மேரி!”

அருள்தாஸ் போட்ட சத்தத்தில் திருக்கோகர்ணத்துப் புறாக்கள் மொத்தமும் குடுமியான்மலைக்குக் குடிபோயின. அவருடைய வெள்ளை அங்கியைப் பிழிந்திருந்தால் வல்லத்திராக்கோட்டைக் கண்மாய் நிரம்பியிருக்கும்.

எந்த மறைமாவட்டத்திலும் சேராத அந்தச் சின்னச் சபையில் பத்து மணிக்கு அவருக்குக் குருப்பட்டம். பிஷப் செம்மல் தலையில் கை வைத்துக் கொடுப்பார். செம்மல் தலையில் கை வைத்தவர் யார், அவர் தலையில் வைத்தவர் யார் என்று ஏசுவின் சீடர் பேதுரு வரைக்கும் போகும் பட்டியல், கோயில் வாசலில் பனைமர உயர ஃப்ளெக்ஸாகத் தொங்கியது.

அருள்தாஸ் முப்பது வருடம் பத்திரப்பதிவு ஆபீஸில் மூலப்பத்திரம் பார்த்தவர். கண் சும்மா இருக்குமா? அறுபத்தோராவது பிஷப் இறந்தது 1541. அவர் கை வைத்ததாகச் சொல்லும் அறுபத்திரண்டாவது பிஷப் பிறந்ததே 1552.

மனைவி சந்தனமேரி பல்லைக் கடித்தாள். “வாய மூடிக்கிட்டு அங்கிட்டுப் போயி மண்டி போடுங்க. ரெண்டு வேன்ல சனம் வந்து எறங்கிருக்கு. இதுக்கு முந்தி மூணு பேரப் பட்டத்தன்னைக்குக் காலையிலயே திருப்பி அனுப்புன மனுசன் இந்த பிஷப்!”

“சங்கிலி நடுவுல அறுந்திருந்தா அவரு பிஷப்பே இல்ல. நான் குடுக்குற நற்கருணையும் வெறும் அப்பந்தான். சாகக் கெடக்குறவன் என்னய நம்பி வாயத் தொறந்தா நான் என்ன பண்ண?”

வாசலுக்கும் பிஷப் அறைக்கும் நடந்தார், நடந்தார். டவுன் பஸ்கூட அத்தனை டிரிப் அடித்ததில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேவிட்டார்.

“பிஷப் ஐயா, மன்னிக்கணும். பட்டியல்ல வில்லங்கம் இருக்குங்க.” இரண்டு வருடங்களையும் சொன்னார்.

பிஷப் நிமிர்ந்தார். “நீங்களாப் பாத்தீங்களா, யாரும் சொன்னாங்களா?”

“நானாத்தாங்க.”

பிஷப் ஜன்னல் வழியாக, வாசல் வேலை பார்த்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார். “அந்த ஃப்ளெக்ஸ அவுத்துருங்க.”

தடயத்தை மறைக்கிறாரா! அருள்தாஸ் அங்கியைக் கழற்ற முகம் மறையத் தூக்கிவிட்டார். “இப்படியாப்பட்ட பட்டம் எனக்கு வேணாங்க.”

வெளியே ஃப்ளெக்ஸ் இறங்குவதைப் பார்த்த சந்தனமேரி, “எல்லாரும் வேன்ல ஏறுங்கப்பா, அம்புட்டுத்தான்!” என்று அழுதாள்.

பிஷப் மேசை டிராயரிலிருந்து இன்னொரு பட்டியலை எடுத்து நீட்டினார். அருள்தாஸ் அங்கிக்குள்ளிருந்து ஒரு கண்ணால் படித்தார். அறுபத்தோராவது பிஷப் இறந்தது 1591.

“ஃப்ளெக்ஸ்ல தப்பாப் போடச் சொன்னதே நான்தாங்க. முந்தி வந்த மூணு பேரும் இதக் கேக்கவே இல்ல. மண்டி போடுங்க.”