எமதூதன் அழைத்த பெயர்

"நிறுத்துங்க ஐயா," என்றாள் நாரே. "கதையில சாகப்போற அம்மா பேரு கூ பொங்ஜா. நீங்க மறுபடியும் யாங் மல்லேன்னு கூப்பிடறீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற ஓக் சாங்குன் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்து நாலு வயது. ஒரு காலத்தில் சியோலில் வானொலி வைத்திருந்த வீடெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்ட குரல் அவருடையது.

"மன்னிச்சுக்கங்க டைரக்டரம்மா. வாய் தவறிடுச்சு."

"நாலு தடவையா தவறும்?" என்று முணுமுணுத்தாள் நாரே. நல்ல வேளை, அது அவருக்குக் கேட்கவில்லை.

செத்தவர்கள் போய்ச் சேரும் உலகத்தைப் பற்றிய ஒலி நாடகம் அது. காதில் மாட்டிக்கொண்டு கைபேசியில் கேட்பதற்கு. முதல் காட்சியிலேயே எமதூதன் வாசலில் நின்று பெயரைச் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும். மூன்றாவது அழைப்பில் உயிர் எழுந்து அவன் பின்னால் நடக்கும். இரண்டோடு நிறுத்துகிற எமதூதன் எந்தக் கொரியக் கதையிலும் கிடையாது.

கம்பெனிக்காரர்கள் யாரோ ஒரு இளம் நடிகனைப் போடச் சொன்னபோது, இவர்தான் வேண்டும் என்று மல்லுக்கட்டி இவரைக் கொண்டுவந்தவள் நாரே. மாலை ஐந்து மணிக்கு அவர்கள் காட்சியைக் கேட்க வருகிறார்கள். சொதப்பினால் நாளைக்கு அந்தப் பையன் வந்து நிற்பான்.

போதாக்குறைக்கு ஆகஸ்ட் மாத வெயில். ஒலிப்பதிவுக்காக ஏசியை அணைத்து வைத்திருந்தார்கள். தரைக்குக் கீழே தடதடவென்று தையல் மிஷின் சத்தம் வேறு.

"கீழ்க்கடையில கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லேன் மிரான்."

"ரெண்டு தடவை சொல்லியாச்சுக்கா," என்றாள் ஒலிப்பதிவு செய்யும் மிரான். "ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற அதிக மாசம் நாளையோட முடியுதாம், மூச்சு விட நேரமில்லைங்கறாங்க. அப்பா அம்மா செத்தா போட்டுவிடற சாவு உடுப்பை இப்பவே தைக்கணும்னு பிள்ளைங்க படிக்கட்டு வரைக்கும் நிக்குதுங்க."

"நீ தைச்சுட்டியா?"

"முதல் வாரமே. இந்த மாசத்துல முன்கூட்டியே தைச்சு வெச்சா ஆயுசு கெட்டியாச்சே. எங்கம்மா அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி ஆடுறாங்க. இனி முப்பது வருஷத்துக்கு அவங்களுக்குக் கவலையில்லை. மாமியார் கொடுமை மாதிரி எனக்குத்தான் அம்மா கொடுமை."

நாரே சிரித்துவிட்டாள்.

"ஐயாகூட அங்க நின்னுட்டுத்தான் இன்னிக்கு லேட்டா வந்தாரு," என்றாள் மிரான்.

"நமக்கு உயிர் போகுது, இவருக்கு அரட்டை. சரி, ஆரம்பி."

ஐந்தாவது முறை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாங் மல்லே."

அந்தக் குரலில் மிரானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிரட்டல் துளியும் இல்லை. சாப்பாடு ஆறிப்போகிறது, வா என்று வீட்டுக்குள் பார்த்து ஒருவர் கூப்பிடுவது போல இருந்தது.

"யாங் மல்லே."

"போதும் ஐயா, நிறுத்துங்க."

முதல் முறையாக அவர் முகம் சுருங்கியது. "மூணாவதையும் சொல்ல விட்டிருக்கலாமே அம்மா."

"தப்பான பேரை மூணு தடவை சொல்லி என்ன பிரயோஜனம்? தண்ணி குடிங்க. கொஞ்சம் உக்காருங்க."

அவர் உட்காராமலே தண்ணீரைக் குடித்தார். நாரேக்குப் பாவமாகத்தான் இருந்தது. வயசாகிவிட்டது, ஞாபகம் நழுவுகிறது, அவர் என்ன செய்வார்? அதற்காக நாடகத்தைக் குட்டிச்சுவராக்க முடியுமா?

"அந்தப் பையனோட நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மிரான் மேஜை மேல் இருந்த பெரியவரின் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சேதி வந்தால் உடனே சொல்லும்மா என்று அவர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அது அதிர்ந்தது.

"அக்கா, இதைப் பாருங்க."

மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி. 'நோயாளி: யாங் மல்லே. இதய அறுவை சிகிச்சை தொடங்கியது. பொறுப்பாளர்: கணவர் ஓக் சாங்குன்.'

நாரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குக் கோபம் வந்தது.

"ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு ஐயா. வாய் தவறலை, வேணும்னேதான் கூப்பிட்டிருக்கீங்க. கட்டின பொண்டாட்டியையா எமதூதன் குரல்ல கூப்பிடுவாங்க? அவங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா? ஐம்பது வருஷமா எனக்குச் சட்டைப் பொத்தான்கூட அவதான் தைக்கிறா." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைக் காட்டினார். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "காலையில கீழ்க்கடையில அவளுக்கும் ஒரு சாவு உடுப்பு தைச்சுத் தரச் சொல்லி கெஞ்சாத குறையா கேட்டுப் பாத்தேன். இனி ஒரு முழம் துணிகூட வெட்ட முடியாதுன்னுட்டாங்க. எனக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாதும்மா. அவ ஆயுசு கெட்டியாகணும்னு, மாசம் முடியறதுக்குள்ள அவளுக்குன்னு முன்கூட்டியே செஞ்சு வைக்க எனக்குத் தெரிஞ்சது இந்தக் கூப்பாடு ஒண்ணுதான்."

நாரே பென்சிலை எடுத்து, அவர் கையிலிருந்த பிரதியில் கூ பொங்ஜா வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு யாங் மல்லே என்று எழுதினாள். "மூணு தடவையும் கூப்பிட்டு முடிங்க ஐயா," என்றாள், "நடுவுல நான் நிறுத்த மாட்டேன்."