நாற்பது மீட்டர் தள்ளி

"என் தலையில மண்ணை அள்ளிக் கொட்டினாலும் எழுந்திரிக்க மாட்டேன்!"

மின்கோபுரத்துக்குத் தோண்டிய குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் தொல்லியல் அதிகாரி. சுடிதார் முழுக்கக் கருப்பு மண். மடியில் ஒரு பழைய பானை.

"மேடம், நாலு பானைக்காக இத்தனை பேர் வேலையைக் கெடுக்கறீங்களே!" மேலே நின்ற இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டாயிரம் வருஷத்துப் பானை சார்! போன மாசம் இப்படித்தான் தகவல் தெரிஞ்சு ஓடினேன். வெறும் ஓட்டாஞ்சில்லுதான் மிஞ்சியிருந்துச்சு. இன்னும் வயிறு எரியுது."

இந்தத் தடவை அதிர்ஷ்டம், நிலத்துக்காரரே போன் போட்டுச் சொன்னார். மனிதருக்கு இருப்பதே அரை ஏக்கர். நடுவில் கோபுரம் வந்து உட்கார்ந்தால் பிழைப்பு போச்சு. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"அம்மா, நீங்கதான் காப்பாத்தணும்."

"கவலைப்படாதீங்க ஐயா. இங்க ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டேன்."

பானைக்குள் இருந்த செம்மண்ணை ஒரு காகிதப் பையில் தட்டி, தேதி எழுதி ஒட்டினார் அதிகாரி.

இன்ஜினியர் இறங்கி வந்தார். "சரி, கோபுரத்தை நாப்பது மீட்டர் தள்ளி, அந்த மேட்டுல வெச்சுக்கறோம். அங்கேயும் ஒரு தடவை பார்த்துட்டு..."

"அது சும்மா கெடக்குற மேடு சார். பார்க்கிறேன்னு சொன்னா நாளைக்கு இங்கேயே வந்து நிப்பீங்க. கொடுங்க பேப்பரை!"

குழிக்குள் இருந்தபடியே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருட வேலையில் முதல் ஜெயம். அழுகையே வந்துவிட்டது.

இயந்திரம் மேட்டுக்கு நகர்ந்து வேலையை ஆரம்பித்தது. கிளம்பிய புழுதி காற்றில் வந்து அவர் கையிலிருந்த காகிதப் பைமேல் படிந்தது. ஊதிவிடப் போனவர் சட்டென்று நிறுத்தினார்.

புழுதி சிவப்பு. காலடியில் இருந்த மண் கருப்பு.

"ஐயா... இந்தப் பானையெல்லாம் உங்க நிலத்துலதானே இருந்துச்சு?"

நிலத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேட்டுப் பக்கம் ஏதோ மடமடவென்று நொறுங்கும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. இப்ப மெஷின் தோண்டுதே, அங்கேர்ந்துதான் எடுத்துட்டு வந்து புதைச்சேன்."