தொலைந்த புள்ளி

"'இன்னிக்கு வர முடியாது'ன்னு ஒத்த வரி அனுப்பிட்டாப் போதுமா? வேற கம்பெனி இன்டர்வியூவுக்குத்தான் போயிருப்பா!" மேனேஜர் பல்லைக் கடித்தார்.

குழுவில் எல்லோரும் 'தாடி' என்று கூப்பிடும் புரோகிராமர் மறுபடியும் கணக்கை ஓட்டிப் பார்த்தான். அவன் கம்ப்யூட்டர் எட்டாவது முறையும் சரியான விடையையே காட்டியது. அதுதான் பிரச்சினை.

அவர்கள் எழுதிய மென்பொருள்தான் அந்த மருத்துவமனையின் மயக்க மருந்து பம்புகளை இயக்குகிறது. காலையில் புதுப் பதிப்பு போனதிலிருந்து அங்கே அளவு கன்னாபின்னாவென்று வருகிறது. ஆறு ஆபரேஷன்கள் நிற்கின்றன. ஒன்று அவசரக் கேஸ். இங்கேயோ தப்பே தெரியவில்லை. எதைத் திருத்துவது?

அந்தப் பகுதியை எழுதியவள், இன்று வராத அக்கா. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். நாலாவது முறை அழைத்தபோதுதான் எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"அத விடு. விஷயம் தெரியும். படம் எதுவும் அனுப்பாத, படிச்சுச் சொல்லு. கண்ணாடிய வாங்கி வச்சுக்கிட்டாங்க."

பின்னால் ஓர் ஆண் குரல், "கைய அசைக்காதீங்க!" என்று அதட்டியது.

"அக்கா, ஏதாவது பிரச்சினையா?"

"உன் மெஷின நம்பாத, அதான் பிரச்சினை. நான் செஞ்சு வச்ச கன்டெய்னரத் திற. ஆஸ்பத்திரி சர்வர்ல என்னென்ன இருக்கோ, அத்தனையும் அதே பதிப்புல ஒரு டப்பாவுல அடைச்ச மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஓட்டினா, அங்க நடக்கிறது இங்கயும் நடக்கும்."

"ரெண்டு வாரம் வீணடிச்சாளே, அதுவா?" என்றார் மேனேஜர்.

திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. நாற்பது சதவீதம். அறுபது. மேனேஜரின் போன் அலறியது. கேட்டுவிட்டு வைத்தார்.

"அந்த அவசரக் கேஸ்... இன்னும் அரை மணி நேரந்தான் தாங்குமாம்."

கன்டெய்னர் திறந்தது.

"எடை நாப்பத்திரண்டரை கிலோன்னு போடு," என்றாள் அக்கா.

"ஏன் அந்தக் கணக்கு?"

"போடுடா!"

42.5 என்று போட்டான். நானூற்று இருபத்தைந்து கிலோ என்று எடுத்துக்கொண்டது. பத்து மடங்கு மருந்து.

"புள்ளியக் காணோம்க்கா!"

"ம்... அந்த சர்வர்ல மொழி அமைப்பு வேற. சில ஐரோப்பிய நாட்டு வழக்கப்படி தசமத்துக்குப் புள்ளி இல்ல, கமா. அதான் புள்ளிய முழுங்கிடுது. எண்ணப் படிக்கிற வரியில எந்த மொழின்னு அழுத்தமா எழுதிடு." இடையிடையே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஒரே வரி. எழுதினான். இருநூற்றுப் பதினொரு சோதனைகளும் தேறிப் பச்சை காட்டின. திருத்திய மென்பொருள் மருத்துவமனைக்குப் பறந்தது. மருத்துவமனைப் பொறியாளர் கையாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா வருது" என்றார்.

மேனேஜர் தாடியின் போனைப் பிடுங்கினார். "எல்லாம் சரிம்மா. ஆபீஸ் இப்படிப் பத்தி எரியறப்ப நீ எங்கதான் போய் உக்காந்திருக்க?"

அவள் காதில் அது விழவில்லை. பக்கத்திலிருந்த யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், பம்ப் சரியாயிடுச்சு. எனக்கு மயக்க மருந்து குடுங்க."