வண்டிக்காரர் விருப்பம்

“எங்க லிஸ்ட்ல இருக்கிற ஷெட்லதான் விடணும் மேடம்” என்றார் இன்சூரன்ஸ்காரர், மூன்றாவது தடவையாக.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பாலிசியின் பதினேழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் ரிசல்ட் வாசிக்கிற அதே குரலில் போனிலேயே வாசித்துக் காட்டினாள். பழுதுபார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது வண்டிக்காரரின் உரிமை. கம்பெனி சிபாரிசு செய்யலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“சரி, உங்க இஷ்டம். ஆனா எங்க ஷெட்டு உங்க வீட்டுக்கு ரெண்டாவது தெரு. நீங்க சொல்றது ஊருக்கு அந்தக் கோடி. அப்படி என்ன இருக்கு அங்க?”

“வேலை சுத்தமா இருக்கும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஷெட்டின் வாசலை அவள் மிதித்ததுகூட இல்லை.

போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கணவர் காலமான பிறகு அந்த வீட்டுக்குள் அவள் இவ்வளவு நேரம் பேசியதே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காரில் சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு வேன் பின்னாலிருந்து இடித்திருந்தது. டிக்கி மடங்கி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. போன் பேசிய மறுநாள் அதைக் கயிறு போட்டுக் கட்டி, அந்தக் கோலத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒன்பது ஷெட்டுகள். எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

தகரக் கூரை. பெயின்ட் வாடை. முதலாளியே பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மீசை நரைத்திருந்தது.

முன்னால் நின்ற பெண்ணிடம், “சாயங்காலம் எடுத்துக்கோங்கக்கா” என்றான். அடுத்து நின்ற டீச்சரும் அவனுக்கு அக்காதான். வாய்க்கு வாய் அக்கா.

இவள் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தான். துணி பிடித்த கை அப்படியே நின்றது.

“சொல்லுங்க மேடம்.”

சொன்னாள். வேன், சிக்னல், டிக்கி. அவன் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். மடங்கிய இடத்தை விரலால் தடவினான். பத்து நாள் ஆகும் என்றான். அவள் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

பிறகு கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தை மேஜையில் வைத்து எழுதினான். வண்டி நம்பர் கேட்டான். பாலிசி நம்பர் கேட்டான். போன் நம்பர் கேட்டான்.

பெயரை மட்டும் கேட்கவில்லை.

எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் பெயருக்கு முன்னால் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல். அப்பாவுடையது. அவன் பெயருக்கு முன்னாலும் அதுதான். அக்காவோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியும், தம்பியின் கை அதைத்தான் எழுதியிருந்தது.

பாலிசியிலோ அவள் பெயர் கணவரின் இனிஷியலோடு இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று கம்பெனி நிச்சயம் திருப்பி அனுப்பும். திருத்துவதற்கு இவ்வளவு தூரம் இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும்.

அவள் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள்.