ஒரே ஒயரில் இரண்டு டி.வி.

“உள்ள இருக்கிற டி.வி. பிள்ளைத்தாச்சி மருமகளுக்கு. எனக்கு ஹால்ல இருக்கிறது தனியா ஓடணும் தம்பி. இன்னிக்கே, இப்பவே ஓடணும்!”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக மாமியார் சொன்னது இதுதான். டிஷ் மெக்கானிக்குக்குத் தோள்பையை இறக்கக்கூட அவர் அவகாசம் கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய புது செட்டாப் பாக்ஸை அட்டைப்பெட்டியோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றார்.

மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து சுவருக்குள் பதித்த குழாய் வழியாக ஒரே ஒரு ஒயர் இறங்கியது. ஹாலின் மூலையில் தலைகாட்டி, அங்கிருந்து உள் அறைக்குப் போய்விட்டது. மெக்கானிக் இரண்டாவது ஒயரை மேலிருந்து தள்ளிப் பார்த்தார், கீழிருந்து தள்ளிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

“குழாய்க்குள்ள சிமெண்ட் அடைச்சிருக்கும்மா. இன்னொரு ஒயர் போகாது.”

“சுவத்த இடி.”

“வாடகை வீடு இல்லையா? ஓனர் சும்மா விடுவாரா?”

“அவர் என்னைத் தூக்கித் தெருவுல போடட்டும். நீ இடி!”

பிள்ளைத்தாச்சி படுத்திருக்கிற வீட்டில் சுவரை இடிக்கச் சொல்கிறாரே என்று மெக்கானிக் திகைத்தார். ஒரு சீரியலுக்கா இந்தப் பாடு? ரிமோட்டுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை அவர் நிறையவே பார்த்திருக்கிறார்.

உள் அறைப் பாக்ஸைச் சோதிக்கப் போனார். மருமகள் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நிறைமாதம் நெருங்கிய வயிறு. டி.வி.யில் யாரோ எதையோ வதக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

“அண்ணா, அத்தைக்கு எதுக்குத் தனி டி.வி.? முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடுங்களேன்” என்றாள் மெதுவாக.

சரிதான், இங்கேயும் அதே கதை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார் மெக்கானிக். வந்த ஒயரை ஹாலிலேயே வெட்டி, ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்தார். ஹால் டி.வி.யில் படம் வந்தது. மாமியார் பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. இதுல ஒரு சிக்கல் இருக்கு. பாக்ஸுதான் டிஷ்ஷுக்கு உத்தரவு போடும். ஒரே ஒயர்ல ரெண்டு பேர் உத்தரவு போட முடியாது. ஹால் பாக்ஸுக்குத்தான் அதிகாரம் கொடுத்திருக்கேன். நீங்க நியூஸ் வெச்சா, உள்ளயும் அந்த வரிசைச் சேனல்தான் வரும். நீங்க பாட்டு வெச்சா, உள்ள பாட்டு, சமையல் எல்லாம் வரும். ஆனா நியூஸ் வராது.”

ரிமோட்டை உயர்த்திய கை அப்படியே நின்றது.

“நான் நியூஸ் வெச்சா அவளுக்கும் நியூஸ்தானா?”

“ஆமாம்மா. அவங்க பாட்டுக்கு அவங்க, உங்க பாட்டுக்கு நீங்கன்னு பாக்கணும்னா ரெண்டு ஒயர் வேணும்.”

மாமியார் சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, உள் அறைக்குக் கேட்காத குரலில் பேசினார் அந்த அம்மாள்.

“நியூஸ் பாக்கத்தான் தம்பி இதை வாங்கினேன். எம் பையன் வேலை பாக்கிற கப்பல் மூழ்கிடுச்சு. காலைல ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க. கொஞ்சப் பேரை மீட்டுட்டாங்களாம், யார் யார்னு தெரியலையாம். அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க. பேரைச் சொன்னா டி.வி.லதானே சொல்வாங்க?”

“அவங்களுக்கு...” மெக்கானிக் உள் அறையைக் காட்டினார்.

“தெரியக் கூடாது. ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. அவளுக்கு அதிர்ச்சி ஆகவே ஆகாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி அவ போனைக்கூட ஒளிச்சு வெச்சிருக்கேன். டி.வி.யை என்ன பண்றதுன்னுதான் தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தேன்.”

பையன் பிழைத்தானா என்பது ஒரு பொத்தான் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் அது உள் அறையிலும் தெரிந்துவிடும். மாமியார் ரிமோட்டைப் பார்த்தார், உள் அறை வாசலைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பாட்டுச் சேனலை வைத்தார். ஹாலில் யாரோ குதித்துக் குதித்து ஆட, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“உள்ள நியூஸ் நின்னுடுச்சான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடு ராசா. இதை யாரும் மாத்தாம நானே பாத்துக்கறேன்.”

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொரு நியூஸ் சேனலாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் ‘சிக்னல் இல்லை’ என்றே வந்தது.

“ஒயர் ஒண்ணுதானேம்மா, அதான் கொஞ்ச நாளைக்கு நியூஸ் மட்டும் வராது. மத்தபடி எல்லாம் வரும்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“ஹால்ல?”

“அங்கயும்... இப்போதைக்குப் பாட்டுதான் ஓடுது.”

மருமகள் நீளமாக மூச்சு விட்டாள். கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரைக் கும்பிட்டாள்.

“அங்க நியூஸ் வரவே வராதபடி பண்ணிடுங்கண்ணா. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணின உடம்பு, தாங்க மாட்டாங்க. காலைலயே இந்த டி.வி.ல நான் பாத்துட்டேன். அவர் கப்பல் மூழ்கினது அத்தைக்கு இன்னும் தெரியாது!”