மூன்றாவது கால்மணி

2011 நவம்பர் 12, சனிக்கிழமை. அலபாமா மாநிலம். வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு சிறிய கல்லூரி. அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். இடைவேளையில் எதிரணி 27, கல்லூரி அணி 0. அதற்கு முன் ஆடிய பத்து ஆட்டங்களிலும் தோல்வி.

பேண்டு இருக்கையில் உட்கார்ந்து அவள் இறகு வைத்த தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்தாள். நெற்றியில் பட்டை பதிந்திருந்தது.

இந்த ஊரில் இடைவேளையில் யாரும் எழுந்திருப்பதில்லை. பேண்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பேண்டு ஆடி, ஊதி, களத்தை விட்டு இறங்கி, ஆட்டம் மறுபடி தொடங்கும்போதுதான் கூட்டம் எழுந்து பொரித்த மீன் வாங்கப் போகும்.

பேண்டும் போகும். ஆட்டத்தின் நான்கு கால்மணிகளில், இடைவேளைக்குப் பின் வரும் மூன்றாவது அவர்களுக்கு ஓய்வு.

"எத்தனை துண்டு?" பேண்டு வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்கும் ரெனே கேட்டாள்.

"ரெண்டு. காரம் தூக்கலா."

"நீ வரல?"

"அண்ணன் ஆடுறான்."

"எங்க ஆடுறான்? நிக்கிறான்டி."

அவளும் சிரித்துவிட்டாள்.

உண்மைதான். அண்ணன் டார்னெலின் வேலை நிற்பது. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வருகிறவர்களின் இடியை வாங்குவது. நான்கு வருடம் வாங்கிவிட்டான். ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை.

காலையில் உணவுக்கூடத்தில் அவன்தான் சொன்னான்: "உன் ஊதுகொம்பைப் பார்க்க ஊரே வருது. எனக்கு அம்மாவும் ஆம்புலன்சும்."

பிறகு சொன்னான்: "இன்னைக்கு அம்மாவுக்கு டியூட்டி. ஆம்புலன்ஸ் மட்டும்."

அதனால் அவள் போகவில்லை.

சுற்றிலும் காலி இருக்கைகள். அவற்றின்மேல் தொப்பிகள், எக்காளங்கள், படுக்கவைத்த முரசுகள். அவள் தோளில் மட்டும் சூசாஃபோன் இருந்தது. உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் விரிக்கும் பித்தளைக் குழல். கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்று அப்படியே விட்டிருந்தாள்.

மூன்றாவது கால்மணியில் ஒரு ஸ்வரம்கூடக் கேட்கக் கூடாது. பேண்டு மாஸ்டர் மிஸ்டர் கோல்பர்ட்டின் சட்டம். அவர் கை உயராமல் ஊதியவர் சீருடையைத் திருப்பித் தர வேண்டும். போன வருடம் ஒரு முரசுக்காரன் விளையாட்டாக இரண்டு தட்டு தட்டினான். மறுநாள் அவன் இல்லை. அவன் நின்ற இடமும் இல்லை. அவருக்கு வரிசையில் ஓட்டை பிடிக்காது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் மற்றவர்களை நகர்த்தி மூடிவிடுவார்.

அணிக்கு இன்றோடு முடிகிறது. பேண்டுக்கு முடியவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில், தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாளன்று, டெட்ராய்ட்டில் ஊர்வலம். டிவியில் வரும். விமானத்தில் போகிறார்கள். அவள் விமானம் ஏறியதில்லை.

களத்தில் பந்து நழுவியது.

அதோடு ஓடிய கல்லூரி அணிக்காரன் கையிலிருந்து தெறித்து, எதிரணியின் இலக்குக் கோட்டைத் தாண்டி உருண்டது. ஆட்கள் விழுந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர். நடுவர்கள் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தார்கள்.

அடியில் டார்னெல் கிடந்தான்.

வயிற்றுக்கடியில் பந்து.

நடுவரின் இரண்டு கைகளும் மேலே போயின. கல்லூரி அணிக்கு ஆறு புள்ளி.

அங்கங்கே கைதட்டல். எங்கோ ஒரு குழந்தை அழுதது. அவ்வளவுதான்.

புள்ளி எடுத்தால் பேண்டு கல்லூரிப் பாட்டை வாசிக்கும். எத்தனை பின்தங்கியிருந்தாலும் வாசிக்கும். மற்ற கால்மணிகளில் அது வழக்கம்.

டார்னெல் எழுந்தான். முழங்காலில் புல். நடுவர் பந்துக்குக் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை. பேண்டு உட்காரும் பக்கம் பார்த்தான்.

தொப்பிகளைப் பார்த்தான்.

அவள் மிஸ்டர் கோல்பர்ட்டைத் தேடினாள். கண்ணில் படவில்லை.

எழுந்து நின்றாள்.

சூசாஃபோனுக்குப் பாட்டின் மெட்டு கிடையாது. மெட்டை எக்காளங்கள் எடுத்துக்கொள்ளும். அதன் பங்கு அடியில் நின்று தாங்குவது. அவளுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். அதையே ஊதினாள். பும். பும். பும்-பும். மெட்டில்லாமல், காலி அரங்கில், கனமாக.

இரண்டாவது வரியில் இருக்கைப் படிகளுக்குப் பின்னாலிருந்து குரல்கள் சேர்ந்தன. மீன் கடை வரிசை. வாயில் மீனோடு யாரோ பாடினார்கள்.

டார்னெல் பந்தை நடுவரிடம் கொடுத்தான்.

அவள் கடைசி ஸ்வரம் வரை ஊதினாள்.

உட்கார்ந்தபோது படியில் மிஸ்டர் கோல்பர்ட் நின்றிருந்தார். ஒரு கையில் காகிதத் தட்டு. எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை.

"மிஸ் ஹார்ப்பர், திங்கட்கிழமை சீருடையைக் கொண்டுவந்து கொடுத்துடுங்க."

"சரிங்க சார்."

ரெனே மீனோடு வந்தாள். தட்டை அவள் மடியில் வைத்தாள்.

அந்த ஆறோடு, அடுத்து உதைத்ததில் ஒரு புள்ளி சேர, ஆட்டம் 41–7 என்று முடிந்தது.

தேங்க்ஸ்கிவிங் காலை. அம்மா டியூட்டி முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டார்னெல் தரையில். டிவியில் டெட்ராய்ட். லேசான தூறல். பேண்டு திரும்பி, கேமராவை நோக்கி வந்தது. முரசுகள், எக்காளங்கள், கடைசியில் சூசாஃபோன்கள்.

"அது ரெனேதானே?" என்றாள் அம்மா.

ரெனேதான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் சாலை. அதற்கப்பால் அடுத்த குழல்.

தெரு முனை வரை யாரும் அந்த ஓட்டையை மூடவில்லை.